கித்துல்கல பாலமும் "கிராபிக்ஸ்" என்ற சொல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு முன்னால் வரும் அந்த இரண்டு நாட்களில் பிள்ளைகளைப் பாடத்தில் உட்கார வைக்க முடியாது. ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் தரம் 10 மாணவர்களுக்குப் பழைய படம் ஒன்றில் ஒரு சில நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஆற்றுக்கு மேலே பெரிய மரப்பாலம். கோச்சி ஒன்று வருகிறது. பாலம் வெடிக்கிறது. கோச்சி ஆற்றில் விழுகிறது. அவ்வளவுதான்.

"சேர், அந்தக் காலத்திலேயே நல்ல கிராபிக்ஸ்" என்றான் முன்வரிசை மாணவன்.

இது கிராபிக்ஸ் இல்லை, கித்துல்கலையில் உண்மையாகவே நடந்தது என்றேன். வகுப்பு நம்பவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "சேர், எங்க தாத்தாவும் அப்படித்தான் சொல்லுவாரு. நாங்க சிரிப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாத்தாவைத் தேடிப் போனேன். கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டம். எண்பதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தம் இல்லை.

"வெடிச்சதை நா பாக்கல சேர்" என்றுதான் தொடங்கினார். அதனாலேயே அவரை நம்பினேன். "சத்தம் கேட்டுச்சு. மறுநாளு எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. கோச்சி தண்ணியில சரிஞ்சு கெடந்துச்சு. எங்காளுகளும் சில பேரு அங்க கூலிக்குப் போனாங்க. ஆனைதான் மரத்தை எல்லாம் இழுத்துச்சு. இத சொன்னா இந்தப் பய போனைக் காட்டி, தாத்தா அதெல்லாம் கொம்பியூட்டருங்கிறான். அப்பறம் நா யாருகிட்டயும் சொல்லுறதில்ல."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் அந்தப் பாலத்தின் கதை. படத்தின் பெயர் "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்". இயக்கியவர் டேவிட் லீன், தயாரித்தவர் சாம் ஸ்பீகல். 1957இல் வெளிவந்து சிறந்த படம் உட்பட 7 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை நடப்பது தாய்லாந்தில். படம் பிடித்தது இலங்கையில். நாம் ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும்போது பஸ் நிற்கிற அதே கித்துல்கலையில், களனி கங்கையில்.

பாலம் 400 அடிக்கு மேல் நீளம். அட்டையில் செய்த செட் இல்லை. பொறியியலாளர்கள் வரைபடம் போட்டு, காட்டு மரத்தை வெட்டி, யானைகளை வைத்து இழுத்து, பல மாதங்கள் எடுத்துக் கட்டியது. அதன்மேல் உண்மையான கோச்சி ஓட வேண்டும், பிறகு அது உடைய வேண்டும். ஓடும்வரை தாங்க வேண்டும், சொன்ன நொடியில் விழ வேண்டும். யோசித்துப் பாருங்கள், பொறியியலாளருக்கு இதைவிடக் குழப்பமான வேலை கொடுக்க முடியுமா?

1957 மார்ச் 10ஆம் திகதி வெடிக்க வைப்பதாக ஏற்பாடு. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பரிவாரத்தோடு பார்க்க வந்திருந்தார். பல இடங்களில் கெமராக்கள். ஒவ்வொரு கெமராக்காரரும் இயக்கிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகுதான் வெடிக்க வைக்க முடியும். கோச்சி புறப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு கெமராக்காரர் உரிய நேரத்துக்குள் ஒதுங்கவில்லை. ஒரு மனிதன் செத்துவிடலாம் என்ற நிலையில் லீன் வெடியை நிறுத்தினார். கோச்சி ஆளில்லாமல் பாலத்தைக் கடந்து போய் மறுகரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. அன்றைக்கு வெட்கக்கேடுதான். ஆனால் அந்தக் கோச்சியைத் திருத்தித் தண்டவாளத்தில் ஏற்றி, மறுநாள் காலை மீண்டும் ஓட்டி வெடித்தார்கள். பிரதமரும் மறுபடி வந்து பார்த்தார். நாம் பார்ப்பது அந்த இரண்டாம் நாள் காட்சியை. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. பாலமும் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக என் மனம் இடம்கொடுக்கவில்லை. பாலம் நிஜம், கோச்சி நிஜம், வெடி நிஜம். கதை? அது பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கற்பனை நாவல். அதற்குப் பின்னால் இருக்கும் உண்மையான வரலாறு, 1942-43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சுமார் 415 கிலோமீற்றர் மரண ரயில் பாதை. அதில் செத்தவர்கள் வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் மட்டுமல்லர். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியக் கூலிகள் செத்தார்கள். அதில் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக இருந்தார்கள். நம்முடைய ஆட்களின் பூட்டன்மார் இங்கே கப்பலில் வந்த அதே காலத்தில் அங்கே கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்கள். ஆகவே நிஜமாக எடுத்ததெல்லாம் உண்மை, கொம்பியூட்டரில் செய்ததெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. விஷயம் அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

சரி, படத்துக்கு வருவோம். அதே 1957இல் மதராஸில் இன்னொரு படம் வந்தது. "மாயா பஜார்". தமிழிலும் தெலுங்கிலும். நம் வீடுகளில் வயதானவர்களுக்கு இன்றைக்கும் முகம் மலர வைக்கும் படம். எஸ். வி. ரங்காராவ் கடோற்கஜனாக வந்து உட்கார்ந்திருக்க, பலகாரங்கள் தானாக எழுந்து அவர் வாய்க்குள் போகும். கெமராவை ஒவ்வொரு படமாக நிறுத்தி, பண்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி எடுத்து, மறுபடி நகர்த்தி என்று செய்த வேலை அது. துவாரகை நகரம் என்று காட்டுவது, தரையில் பரப்பி விளக்குப் போட்ட சின்னச் சின்ன வீடுகள். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. அந்தப் படத்தின் நிலவொளியும் அவருடைய கைவேலை.

ஆக ஒரே வருடத்தில் இரண்டு வழிகள். ஒன்று, கோச்சி வேண்டுமானால் கோச்சியையே கொண்டுவா. மற்றது, நகரம் வேண்டுமானால் அதைச் சின்னதாகச் செய்து கெமராவின் கண்ணை ஏமாற்று. பின்னால் வந்த சினிமா முழுவதும் இந்த இரண்டையும் எப்படித் தையல் தெரியாமல் ஒட்டுவது என்பதுதான். கொம்பியூட்டர் வந்தது அந்தத் தையல் வேலைக்கு.

அதற்கு முன்னாலேயே அந்தத் தையலை நம் மலைநாடு பார்த்திருக்கிறது. 1983இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் "இண்டியானா ஜோன்ஸ்" வரிசையின் இரண்டாவது படத்தை எடுக்கக் கண்டிக்கு வந்தார். இந்தியாவில் எடுப்பதாகத்தான் முதலில் யோசனை. கதையில் இந்தியாவைக் காட்டிய விதம் அங்கே அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. (படத்தைப் பார்த்தவர்கள் அதில் தப்பில்லை என்பார்கள். குரங்கு மூளை விருந்தை எந்த இந்தியர் வீட்டில் பார்த்தார்களோ!) நம் நாட்டுக் கலைஞர் டி. ஆர். நாணாயக்கார உட்பட உள்ளூர் ஆட்கள் நடித்தார்கள்.

அந்தப் படத்தின் பேர்போன தொங்குபாலம், விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பகுதியில், அணை வேலைக்கு வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்களின் உதவியோடு மகாவலிப் பள்ளத்தாக்கில் கட்டப்பட்டது. அதையும் ஒரே தடவைதான் வெட்டி விழுத்த முடியும். கித்துல்கலையின் அதே கதை. ஆனால் 26 வருடத்தில் என்ன மாறிவிட்டது என்று பாருங்கள். பாலம் அறுந்து விழும்போது அதில் தொங்கிக் கீழே போகிறவர்கள் பொம்மைகள். பாறையில் ஒட்டிக்கொண்டு சண்டை போடும் நெருக்கமான காட்சிகள் இங்கிலாந்து ஸ்டூடியோவில் எடுத்தவை. கீழே வாயைப் பிளக்கும் முதலைகள் அமெரிக்காவின் புளோரிடாவில் எடுத்தவை. தூரத்தில் தெரியும் அரண்மனை கண்ணாடியில் தீட்டிய ஓவியம். நம் பள்ளத்தாக்கு, அங்கத்தைய ஸ்டூடியோ, புளோரிடா முதலை, கலிபோர்னியா ஓவியம், எல்லாம் சேர்ந்து ஒரே பாலம்! அந்தக் கண்கட்டுக்கு ஒஸ்காரும் கிடைத்தது.

எப்படி ஒட்டினார்கள்? ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் படம்பிடிப்பார்கள். ஒரு துண்டை மறைத்துவிட்டு மற்றதை அதே பிலிமில் மறுபடி படம்பிடிப்பார்கள். பிறகு அடுத்தது. போட்டோ கொப்பியை மறுபடி போட்டோ கொப்பி எடுத்தால் எழுத்து மங்குமே, அதேபோல ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் மங்கும். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். பழைய படங்களில் வானத்தில் பறக்கும் ஆளைச் சுற்றி ஒரு கோடு தெரிவது அதனால்தான். கொம்பியூட்டர் முதலில் தீர்த்த பெரிய பிரச்சினைகளில் ஒன்று இது. எண்களாக மாறிய படத்தை எத்தனை தடவை பிரதி எடுத்தாலும் மங்காது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் சினிமாவுக்கு இடமில்லை. வாப்பா கடையை மூடிவிட்டு வருவதற்குள் பக்கத்து லயத்துக்கு ஓடிப்போய் வாடகை டெக்கில் "ஜகன்மோகினி" பார்த்தவன் நான். பேய் அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலை வைத்து எரிக்கும் விட்டலாச்சார்யா படம். அன்றிரவு பயத்தில் தூங்கவில்லை. பயந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் பார்த்ததே குற்றம். பிறகு தொலைக்காட்சியில் "ஜூராசிக் பார்க்". அதில் பயம் வேறு மாதிரி. பேய் இல்லை என்று வாப்பா சொல்லியிருக்கிறார். டைனோசர் இருந்தது என்று பாடப்புத்தகமே சொல்கிறதே!

1993இல் வந்த அந்தப் படத்தைத்தான் எல்லோரும் கொம்பியூட்டர் சினிமாவின் தொடக்கம் என்பார்கள். ஆனால் அதில் டைனோசர்கள் திரையில் தெரிவதே சுமார் 15 நிமிடம். அதிலும் கொம்பியூட்டரில் செய்தது பாதிக்கும் குறைவு. மிச்சம் ஸ்டான் வின்ஸ்டன் என்பவரின் பட்டறையில் இரும்பு, நீரியல் இயந்திரம், இறப்பர்த் தோல் வைத்து உண்மையான அளவில் செய்த உருவங்கள். மழையில் காரைத் தாக்கும் அந்தப் பெரிய ரி-ரெக்ஸ் நினைவிருக்கிறதா? முகத்தை ஜன்னலுக்குக் கொண்டுவருவது நிஜ உருவம். முழு உடம்போடு நடந்து வருவது கொம்பியூட்டர். மழையில் அந்த உருவத்தின் தோல் தண்ணீரை உறிஞ்சிப் பாரம் கூடி, சும்மா நிற்கும்போதே நடுங்கத் தொடங்கியதாம். ஒவ்வொரு தடவையும் துவாயால் துடைத்து உலர்த்தினார்கள். இதே இருட்டும் மழையும்தான் இரண்டுக்கும் இடையிலான தையலை மறைத்தன.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பில் டிப்பெட் என்ற கலைஞர் அதுவரை பொம்மைகளைக் கையால் நகர்த்தி உயிர் கொடுத்தவர். மாயா பஜார் பலகாரம் நகர்ந்த அதே வழியின் அமெரிக்கத் தொடர்ச்சி என்று வையுங்கள். கொம்பியூட்டர் டைனோசரைப் பார்த்ததும் தன் தொழில் முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. எலும்புக்கூடு போன்ற ஒரு பொம்மையின் மூட்டுகளில் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள். பொம்மைக் கலைஞர்கள் அதைக் கையால் அசைத்தால் அந்த அசைவு கொம்பியூட்டருக்குள் போகும். மிருகம் எப்படிப் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் என்பது அந்தக் கைகளுக்குத்தான் தெரிந்திருந்தது.

தமிழ் சினிமாவுக்கு வாருங்கள். 1989இல் "அபூர்வ சகோதரர்கள்". குள்ளனாக வரும் கமல்ஹாசன். அதில் கொம்பியூட்டர் இல்லை. மடக்கிய முழங்காலில் மாட்டிய சப்பாத்து, தரையில் வெட்டிய குழி, கெமரா வைத்த கோணம், வலியைத் தாங்கிய ஒரு நடிகன். ஐந்து வருடம் கழித்து, 1994இல் ஷங்கரின் "காதலன்". பிரபுதேவாவின் தலையும் கையும் இல்லாமல் தொப்பியும் உடுப்பும் சப்பாத்தும் மட்டும் ஆடும். கொம்பியூட்டர் ஆடியது என்று நாங்கள் நினைத்தோம். ஆடியது பிரபுதேவாதான். கொம்பியூட்டர் செய்தது அழிப்பது. ஆடும் உடம்பை ஒவ்வொரு படமாக அழித்து, பின்னாலிருக்கும் சுவரை அந்த இடத்தில் ஒட்டுவது. அவர் ஆடாமல் இருந்திருந்தால் அழிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அந்தப் படத்துக்குச் சிறப்பு ஒலி, ஒளித் தந்திரங்களில் இந்திய தேசிய விருதும் கிடைத்தது.

2010இல் "எந்திரன்" வந்தபோது நான் இளைஞன். இங்கே தியேட்டரில் விசில் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. அதில் இரும்பு உடம்போடு தெரியும் ரோபோக்களில் பல நிஜ உருவங்கள். செய்தது லெகசி எபெக்ட்ஸ். ஸ்டான் வின்ஸ்டன் 2008இல் இறந்த பிறகு அவருடைய பட்டறை ஆட்கள் தொடங்கிய நிறுவனம். அதாவது ஜூராசிக் பார்க் டைனோசருக்கும் சிட்டிக்கும் ஒரே பட்டறை வழி. மற்றப் பக்கத்தில், சுற்றிவர விளக்கும் கெமராவும் பொருத்திய கூண்டுக்குள் ரஜினிகாந்தை உட்காரவைத்து முகத்தின் ஒவ்வொரு பாவத்தையும் பதிவு செய்து, அந்த முகத்தை வேறொருவர் உடம்பில் பொருத்தினார்கள். வி. ஸ்ரீனிவாஸ் மோகனுக்கு கிராபிக்ஸுக்கும், சாபு சிரிலுக்கு கலை அமைப்புக்கும் தேசிய விருது. ஒரே படத்தில் கொம்பியூட்டர்காரருக்கும் தச்சு வேலை, இரும்பு வேலைக்காரரின் தலைவருக்கும் விருது கிடைத்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அதே இருவரும் பிறகு "பாகுபலி"யிலும் சேர்ந்தார்கள்.

2014இல் "கோச்சடையான்" வந்தது. ரஜினியின் அசைவைப் பதிந்து முழுவதும் கொம்பியூட்டரில் வரைந்த படம். உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளே "பொம்மைப் படம்" என்றார்கள். நிஜமாகப் பிடித்துக்கொள்ள அதில் ஒரு கதிரைகூட இல்லை.

ஏன் அப்படி? மூன்று விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஒன்று வெளிச்சம். நிஜப் பொருளில் விழும் வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரின் முகத்திலும் கொஞ்சம் தெறிக்கும். இதனால்தான் இன்றைக்கும் படப்பிடிப்பில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஓர் உருண்டையை அந்த இடத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கொம்பியூட்டருக்குச் சொல்ல. மற்றது பாரம். கொழுந்துக் கூடை நிறைந்ததா வெறுமையா என்று அம்மாவின் நடையைப் பார்த்தே தூரத்திலிருந்து சொல்வோமே, அந்தக் கண் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை ஏமாற்றுவது ரொம்பக் கஷ்டம். கடைசியாக நடிகரின் பார்வை. எதிரில் ஒன்றுமில்லாமல் பச்சைத் துணியைப் பார்த்துப் பயப்படுபவர் எங்கே பார்க்கிறார் என்பது கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும்.

வரலாறு படிப்பிக்கிறவன் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். போன மழைக்காலத்தில் எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுவில் மண்சரிவு வீடியோ ஒன்று வந்தது. "ஏஐ" என்று சிரிப்புப் படம் போட்டார்கள், நானும் சேர்த்துத்தான். அது பக்கத்துத் தோட்டத்து லயம். யாருக்கும் உயிராபத்து இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உதவிக்குப் போகப் பாதி நாள் பிந்திவிட்டோம். அதே குழுவில் அதற்கு முந்திய வாரம் பொய் வீடியோ ஒன்றை எல்லோரும் நம்பிப் பகிர்ந்திருந்தோம். கலாசாலையில் எங்களுக்கு ஆதாரம், மூலாதாரம், சாட்சி என்று பாடம் நடத்தினார்கள். என் மாணவனின் தாத்தா சாட்சி. அவருடைய சாட்சியத்தை ஒரு சொல்லால் அழித்துவிட்டோம். "கிராபிக்ஸ்."

விடுமுறையில் அவனையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு கித்துல்கலைக்கு இறங்கினேன். கீழே படகு விடும் வெளிநாட்டுக்காரர்களின் கூச்சல். ஆற்றங்கரையில் பாலத்தின் சீமெந்து அடித்தளம் பாசி பிடித்துப்போய் இன்னும் இருக்கிறது. பையன் அதில் ஏறி நின்று, அகலத்தைக் காலடியால் அளந்து, மறுகரையைப் பார்த்தான்.

"தாத்தா, கோச்சி எந்தப் பக்கம் கெடந்துச்சு?"

தாத்தா ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். பிறகு யானை எந்த வழியால் இறங்கியது, எங்கே கூலி கொடுத்தார்கள், அவருடைய அப்பா எங்கே தேநீர் வாங்கிக் கொடுத்தார் என்று அரை மணித்தியாலம் பேசினார். பையன் போனில் பதிந்துகொண்டிருந்தான்.

உறவுகளே, ஒரு வேண்டுகோள். படத்தின் பெயர்ப் பட்டியலில் லீன் இருக்கிறார், ஸ்பீகல் இருக்கிறார். மரம் இழுத்தவர்களும் யானைப் பாகன்களும் கூலிக்குப் போனவர்களும் இல்லை. கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, யட்டியாந்தோட்டை பக்கம் உங்கள் வீட்டில் யாராவது, தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, அந்த நாட்களில் அங்கே வேலை செய்திருந்தால், பழைய போட்டோ ஒன்றாவது இருந்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். விண்டர்லாந்திலும் பெருந்தெருவிலும் ஆட்களைத் தேடுவதைவிட உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றைக்கே கேட்பது சுலபம். அந்தத் தாத்தா சொன்ன ஆட்களில் இரண்டு பேரின் பெயர் இதுவரை என்னிடம் இருக்கிறது. மூன்றாவது ஆள் யட்டியாந்தோட்டைப் பக்கம் குடியேறிவிட்டாராம்.